மூன்றே முக்கால் வட்டிக்குக் கடன் வாங்குவீர்களா?

எங்கள் பக்கத்தில் வட்டியை யாரும் வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று பேசுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாசம் எவ்வளவு என்பதுதான் பேச்சு. ஒரு வட்டி என்றால் தெரிந்தவர், சொந்தக்காரர், நம்பிக்கையான இடம். ஒன்றரை வட்டி பரவாயில்லை. ரெண்டு வட்டி என்றால் வீட்டில் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவார்கள். மூன்று வட்டிக்கு ஒருத்தர் வாங்கியிருக்கிறார் என்று காதில் விழுந்தாலே, ஆளுக்கு என்னவோ நெருக்கடி, கேட்டுப் பார்க்கணும் என்று பங்காளிகள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தாராபுரமோ காங்கேயமோ கோபியோ, பள்ளிக்கூடம் போகாத ஆத்தாக்கள்கூட இந்தக் கணக்கை மனதிலேயே போடுவார்கள், எட்டு மாசத்து வட்டியைப் பைசா பிசகாமல் சொல்வார்கள்.

கிரெடிட் கார்டு வட்டி இதே கணக்கில் எவ்வளவு தெரியுமா? பெரும்பாலான கார்டுகளில் மாசம் மூன்றரை ரூபாயிலிருந்து மூன்றே முக்கால் ரூபாய் வரை. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. வீட்டுக் கடன், நகைக்கடன் வட்டிக்கெல்லாம் ஜிஎஸ்டி கிடையாது, கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு. மூன்றே முக்காலோடு அதையும் சேர்த்தால் நாலு ரூபாய் நாற்பத்திரண்டு பைசா. நாலரை வட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 53 சதவீதம்.

நான் திருப்பூரில் கணக்கு எழுதுகிறவன். பனியன் கம்பெனிகளுக்கும், அவர்களிடம் வேலை வாங்கிக் கூலிக்குச் செய்துகொடுக்கிற சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் ஜிஎஸ்டி, சம்பளக் கணக்கு, பேங்க் கணக்கு எல்லாம் பார்க்கிறேன். யூனிட் ஓனர், சூப்பர்வைசர், செக்கிங் பெண்கள் என்று யாராவது ஒருத்தர் கார்டு ஸ்டேட்மெண்டைப் போனில் திறந்து, “இது என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்” என்று நீட்டாமல் ஒரு மாசம் போவதில்லை. இவர்கள் யாரும் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல. ஒரு பீஸுக்கு அஞ்சு பைசா குறைத்தால் ஒரு ஆர்டருக்கு எவ்வளவு போகும் என்று நொடியில் சொல்கிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் நாலரை வட்டிக்கு ரெண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. யாரும் அவர்களிடம் அதை நாலரை வட்டி என்று சொல்லவில்லை, அதுதான் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. நகையை அடகு வைத்தால் வீட்டில் தெரியும், கழுத்து காதைப் பார்த்துச் சொந்தத்திலும் தெரியும். கைமாற்று வாங்கினால் கொடுத்தவருக்காவது தெரியும். கார்டு பாக்கி ஒருத்தருக்கும் தெரியாது. போனுக்குள்ளேயே இருந்து வளர்கிறது. அதனாலேயே கௌரவமாகத் தோன்றுகிறது.

பெருந்துறைப் பக்கம் இருக்கும் என் சின்னம்மா பையன் கார்டில் 40,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினான். ஜூன் 15-ம் தேதி. அவனுக்கு ஸ்டேட்மெண்ட் தேதி 12, அதனால் ஜூலை 12-ல் பில் வந்தது, கெடு ஆகஸ்ட் 1. பொறுப்பான பையன், கெடு அன்றைக்கே 37,000 கட்டிவிட்டான். சீட்டுப் பணம் கட்ட வேண்டியிருந்ததால் 3,000 மட்டும் நிறுத்தி வைத்தான். அடுத்த ஸ்டேட்மெண்டில் வட்டியும் வரியுமாகச் சேர்த்து 2,784 ரூபாய் வந்திருந்தது. போனில் கூப்பிட்டு, “மூவாயிரம்தானுங்ணா பாக்கி வெச்சேன், அதுக்கு ரெண்டாயிரத்து எழுநூத்துச் சொச்சம் வட்டியா? ஏதோ தப்பா ஏறியிருக்குங்ணா” என்றான்.

தப்பாக ஏறவில்லை. நானும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டியில்லாக் காலம் என்ற சலுகை. ஒரு பகுதி நின்றுபோனால் அந்தச் சலுகையே இல்லாமல் போய்விடும், வாங்கிய தேதியிலிருந்து வட்டி ஓடும். ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 1 வரை 47 நாள். அந்த 47 நாளுக்கும் முழு 40,000-க்கும் மூன்றே முக்கால் வட்டி, அது 2,318 ரூபாய். கட்டிய பிறகு மிச்சம் இருக்கிற 3,000-க்கு ஆகஸ்ட் 12 வரை 11 நாள் வட்டி 41 ரூபாய். ஆகமொத்தம் 2,359. அதற்கு ஜிஎஸ்டி 425. பல வங்கிகள் கணக்குப் போடும் முறை இதுதான். உங்கள் கார்டின் விதிமுறைத் தாளிலேயே உதாரணத்தோடு போட்டிருப்பார்கள், ஒருமுறை தேடிப் படித்துவிடுங்கள்.

இதோடும் முடியவில்லை. பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குகிற எதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. அந்த 3,000 பாக்கி நின்ற நாட்களில் அவன் போட்ட பெட்ரோல், வாங்கிய மளிகை, பையனுக்கு எடுத்த செருப்பு எல்லாவற்றுக்கும் வாங்கிய அன்றைக்கே வட்டி தொடங்கிவிட்டது. அதனால்தான் பாக்கி இருக்கிற கார்டை மேற்கொண்டு தேய்க்காதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அந்த மூவாயிரத்தை என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். சின்னம்மாவிடம் அவன் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும். மூவாயிரத்துக்குப் போய் யாரிடம் கேட்பது என்று கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலை 2,784 ரூபாய்.

இனி மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை. பில்லில் மொத்தத் தொகைக்குப் பக்கத்திலேயே சின்னதாக, பார்ப்பதற்கு ஆறுதலாக ஒரு தொகை இருக்கும். பெரும்பாலும் பாக்கியில் ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கிற மதிப்பெண்) கெடாது, போனும் வராது. அதனால் நிறையப் பேர் அதைத் தவணை என்று நினைத்துக் கட்டுகிறார்கள். 60,000 ரூபாய் பாக்கிக்கு ஐந்து சதவீதம் 3,000. அந்த மாசத்து வட்டியும் வரியும் மட்டுமே சுமார் 2,650. அசலில் குறைவது சுமார் முந்நூற்றைம்பது ரூபாய். மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் இழுக்கும், வட்டி கூடும் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு ஸ்டேட்மெண்டிலும் அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அச்சிடத்தான் செய்கிறார்கள். நாலாவது பக்கத்தில் இங்கிலீஷில் இருக்கும் அந்த வரியை எங்கள் யூனிட்டில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிற பெண் எப்படிப் படிப்பாள்? அந்த ஒரு வரியையாவது தமிழில் போடலாம்.

சரி, இவ்வளவு வட்டி வாங்கலாமா, சட்டம் ஒன்றும் கேட்காதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் குற்றம். வங்கிகள் அதற்குள் வராது. 2008-ல் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம், கார்டு பாக்கிக்கு வருஷம் 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகமுறை என்று தீர்ப்புச் சொன்னது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. 2024 டிசம்பர் 20-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கி பார்க்க வேண்டிய விஷயம் என்பது அதன் நிலை. ரிசர்வ் வங்கியோ, வட்டி அளவுக்கு மீறிப் போகக்கூடாது என்று சொல்கிறதே தவிர, இத்தனைக்கு மேல் கூடாது என்று ஒரு எண்ணைச் சொல்லவில்லை. ஒரு உச்சவரம்பு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாதாரணச் சம்பளக்காரனிடம் நாலரை வட்டி வாங்குவதை எந்தப் பெயரில் செய்தாலும் அது சரியில்லை. ஆனால் அது வரும்வரை நம்மை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருப்பூரில் இது இன்னும் ஒரு படி மோசம், இங்கே பணம் சுற்றும் விதம் அப்படி. ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறவர் வாராவாரம் சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும், அதில் தப்பிக்க வழியே இல்லை. நூல்கண்டு, ஊசி, மிஷின் ஆயில், ஜெனரேட்டருக்கு டீசல் எல்லாம் கையிலிருந்து போகும். வேலை கொடுத்த கம்பெனியிலிருந்து பில் பாஸ் ஆகிப் பணம் வர அறுபது நாளும் ஆகும், தொண்ணூறு நாளும் ஆகும். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-லிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆர்டர் வேண்டுமே, யார் போய்ச் சட்டம் பேசுவது? இந்த இடைவெளியை நிரப்பத்தான் கார்டு உள்ளே வருகிறது. கார்டின் வட்டியில்லாக் காலம் அதிகபட்சம் ஐம்பது நாளை ஒட்டித்தான், அதுவும் ஸ்டேட்மெண்ட் தேதிக்கு மறுநாள் வாங்கினால். ஸ்டேட்மெண்டுக்கு முந்தின நாள் வாங்கினால் இருபது நாள்தான் கிடைக்கும். தொண்ணூறு நாளில் வருகிற பணத்தை நம்பி ஐம்பது நாள் கடனில் பொருள் எடுத்தால், மிச்ச நாற்பது நாளுக்கு நாலரை வட்டி. பீஸ் ரேட்டில் கிடைக்கிற லாபம் அதற்குத் தாங்காது. நான் கணக்குப் பார்க்கிற யூனிட்டுகளில் லாபம் எங்கே போகிறது என்று தேடினால், பல சமயம் ஓனருடைய சொந்தக் கார்டு ஸ்டேட்மெண்டில்தான் கிடைக்கிறது.

அப்புறம் இந்தக் கார்டு தேய்த்துப் பணம் தருகிற கடைகள். பொருள் வாங்கியதுபோல் ஸ்வைப் செய்துவிட்டு நூற்றுக்கு ரெண்டோ மூன்றோ பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள். கெடு வந்ததும் அவர்களே பில்லைக் கட்டிவிட்டு, உடனே திரும்பவும் தேய்த்து எடுத்துக்கொள்வார்கள், அதற்கு இன்னொரு கமிஷன். மாசாமாசம் இப்படியே சுற்றினால் அசல் அப்படியே நிற்கும், கமிஷன் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கார்டு விதிமுறைக்கும் விரோதம், கண்டுபிடித்தால் கார்டை முடக்கிவிடுவார்கள். ஏடிஎம்மில் நேராகக் கார்டில் பணம் எடுப்பதும் வேண்டாம், எடுத்த அன்றைக்கே வட்டி, தனியாகக் கட்டணம், ஒரு நாள்கூடச் சலுகை இல்லை.

தாமதக் கட்டணத்துக்கு வருகிறேன். இது வட்டி அல்ல, தனி. பாக்கியின் அளவுக்குத் தகுந்தபடி சில நூறு ரூபாயில் ஆரம்பித்து, பெரிய பாக்கியென்றால் ஆயிரத்துக்கு மேலும் போகும், இதற்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளில் இதைப் பற்றி ரெண்டு விஷயம் இருக்கிறது, ரெண்டுமே நமக்குச் சாதகமானவை, ரெண்டுமே பலருக்குத் தெரியாது. ஒன்று, கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். திங்கட்கிழமை கெடுவை மறந்துவிட்டு புதன்கிழமை கட்டியவருக்குத் தாமதக் கட்டணம் வந்திருந்தால் சண்டை போட்டுத் திரும்ப வாங்கலாம். (வட்டி வேறு, அதற்கு இந்த மூன்று நாள் சலுகையைக் காட்ட முடியாது.) ரெண்டாவது, கட்டாமல் நிற்கிற தொகைக்குத்தான் அந்தக் கட்டணத்தைக் கணக்குப் போட வேண்டும், பில்லின் மொத்தத் தொகைக்கு அல்ல.

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா ஒருத்தர், தேங்காய் விற்ற பணத்தை டெபாசிட் போட வங்கிக்குப் போயிருக்கிறார். கையெழுத்துப் போட்ட காகிதங்களோடு ஒரு கார்டுக்கான படிவமும் இருந்திருக்கிறது. கார்டு தபாலில் வந்தது, உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்துவிட்டார். ஆக்டிவேட் செய்யவில்லை, ஒரு ரூபாய்க்கும் பயன்படுத்தவில்லை. வருஷக் கட்டணம் 500, வரி 90. அந்த 590 ரூபாய்க்கான பில் யாரோ எழுதிக்கொடுத்த ஒரு மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் தாமதக் கட்டணம், வட்டி, வரி, மறுபடி தாமதக் கட்டணம். வசூல் ஆள் போன் செய்தபோது ஏழாயிரத்தைத் தாண்டியிருந்தது. “நான் ஒரு ரூவா எடுக்கலையே சாமி, எதுக்கு ஏழாயிரம் கேக்கறாங்க?” என்று என்னிடம் வந்து உட்கார்ந்தார். பயந்துபோய் கட்டிவிடலாம் என்றே இருந்தார், கடன்காரன் என்ற பேர் வந்துவிடக்கூடாது அவருக்கு.

கட்ட வேண்டாம் பெரியப்பா என்று சொல்லிவிட்டு ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினோம். கார்டு வழங்கிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால் ஓடிபி மூலம் ஒப்புதல் கேட்க வேண்டும், கொடுக்காவிட்டால் ஏழு வேலை நாளில் செலவில்லாமல் கணக்கை மூட வேண்டும், ஆக்டிவேட் ஆகாத கார்டைக் கிரெடிட் ஸ்கோர் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவே கூடாது. இவையெல்லாம் அதே 2022 விதிகளில் உள்ளவை. ஒப்புதல் கொடுத்ததற்கு ஆதாரம் காட்டுங்கள் என்று கேட்டோம். கிளையில் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொண்டார், மின்னஞ்சலிலும் அனுப்பினேன். முதலில் வந்த பதில் மழுப்பலாக இருந்தது. வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மறுபடி எழுதினோம், முப்பது நாளில் தீராவிட்டால் வங்கிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போவோம் என்று ஒரு வரி சேர்த்து. மொத்தத் தொகையையும் ரத்து செய்து, கணக்கை மூடியதாகக் கடிதம் கொடுத்தார்கள். ஆம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுக்கச் செலவு ஒன்றும் இல்லை, வக்கீலும் தேவையில்லை, ரிசர்வ் வங்கியின் புகார்த் தளத்திலேயே போடலாம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒன்று எழுதிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்கெனவே பாக்கியில் இருக்கிறவர்கள் என்ன செய்வது? வீட்டில் நகை இருந்தால் தயங்காமல் வையுங்கள். வங்கியில் நகைக்கடன் வருஷத்துக்கு ஒன்பது, பத்து சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கும், நம் கணக்கில் எண்பது பைசா வட்டி. ஒரு லட்சம் கார்டு பாக்கிக்கு மாசம் 4,400 சொச்சம் போகிற இடத்தில் எண்ணூறு ரூபாய் போகும். மாசம் 3,600 மிச்சம், அதை அப்படியே அசலில் கட்டினால் நகை சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடும். நகையை வைப்பது அவமானம் என்று நினைக்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய, எனக்கும் புரிகிறது, அது அம்மா போட்டதாக இருக்கும், சீர் வந்ததாக இருக்கும். ஆனால் வீட்டுக்காரியிடம் உட்கார்ந்து இந்த நாலரை, எண்பது பைசா கணக்கைச் சொன்னால், கழற்றிக் கொடுப்பதோடு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று திட்டவும் செய்வார்கள்.

நகை இல்லாவிட்டால் பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தரச் சொல்லி வங்கியிடமே கேளுங்கள். ஒன்றேகால், ஒன்றரை வட்டிக்கு இறங்கும். ப்ராசசிங் கட்டணம் எவ்வளவு, முன்னாலேயே முடித்தால் அதற்கு என்ன பிடிப்பார்கள் என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு. சம்பளம் ஏழாம் தேதி வருகிறது, கெடு மூன்றாம் தேதி என்று ஒவ்வொரு மாசமும் திண்டாடுகிறவர்கள் பில்லிங் தேதியை மாற்றித் தரச் சொல்லலாம், ஒருமுறையாவது அப்படி மாற்றிக்கொள்ள நமக்கு உரிமை இருக்கிறது.

வசூல் ஆட்கள் காலை எட்டு மணிக்கு முன்னாலும் இரவு ஏழு மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. மாமனாரிடம் சொல்வேன், கம்பெனிக்கு வந்து கத்துவேன் என்று மிரட்டக் கூடாது. மிரட்டினால் தேதியும் நேரமும் குறித்து வைத்து, பதிவு இருந்தால் அதையும் சேர்த்து வங்கிக்கே எழுதுங்கள். பாதி கட்டினால் போதும், செட்டில்மெண்ட் போட்டு முடித்துவிடலாம் என்று அவர்கள் சொல்லும்போது ஒரு விஷயத்தை யோசியுங்கள். அப்படி முடித்த கணக்கு கிரெடிட் ரிப்போர்ட்டில் முழுதும் கட்டி மூடியதாகக் காட்டாது, ‘செட்டில்டு’ என்று நிற்கும், நாளைக்கு வீட்டுக் கடனுக்கோ மிஷின் வாங்கவோ போகும்போது வங்கி மேனேஜர் முதலில் அதைத்தான் பார்ப்பார். வேறு வழியே இல்லை என்றால் செட்டில்மெண்ட் செய்யுங்கள், ஆனால் தொகை எவ்வளவு என்று வங்கியின் கடிதம் கையில் வந்த பிறகே பணம் கட்டுங்கள், வசூல் ஆளின் சொந்த நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

முழுதும் கட்டி முடித்தவர்கள், கார்டு வேண்டாம் என்றால் எழுத்தில் கேட்டு மூடுங்கள். பாக்கி இல்லாத கணக்கை ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மூடியதற்கான கடிதத்தை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ரெண்டு மாசம் கழித்து, வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கிற கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து, அந்தக் கணக்கு மூடியதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலோடு வங்கிக்கும் ரிப்போர்ட் கொடுத்த நிறுவனத்துக்கும் திருத்தம் கேட்டு எழுதலாம்.